பிறந்தவர் நுழைந்தவர் ஆகார்

வாசலில் மூன்று பேர் நின்றார்கள். கையில் இரண்டு டோக்கன்கள் இருந்தன. திங்கட்கிழமை காலை எட்டே காலுக்கு எழுந்த இந்தச் சின்னச் சிக்கலை, அந்த வாசலின் ஒவ்வொரு திருகாணியையும் கண்ணை மூடிக்கொண்டு தொட்டே அடையாளம் சொல்லக்கூடிய ஃபிட்டரால் தீர்க்க முடியவில்லை.

மூன்றாவது ஆள் அவர் மனைவியின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். வயது பதினொரு நாள்.

அந்த வாசல் வேலை செய்யும் விதத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். முகாமைச் சுற்றிப் பதினோரு கிலோமீட்டர் கம்பிவேலி. அதில் ஆட்கள் நடந்து போய்வர ஒரே இடம் இதுதான். அடுத்தடுத்து இரண்டு தடங்கள். ஒவ்வொன்றிலும் தரையிலிருந்து கூரை வரை இரும்புக் கம்பிகளால் ஆன சுழல்கதவு. கதவின் அடியில் ஒரு பல்சக்கரமும், அதன் பல்லில் விழும் கொக்கியும் இருக்கின்றன. அதனால் கதவு ஒரு பக்கம்தான் சுற்றும். மறுபக்கம் தள்ளினால் தோள்பட்டைதான் நோகும். வெளியிலிருந்து பார்த்தால் இடப்பக்கத் தடம் உள்ளே சுற்றும், வலப்பக்கத் தடம் வெளியே சுற்றும். இடப்பக்கத் தடத்தின் தலைக்கு மேல் ‘உள்ளே’ என்று ஒரு பலகை. வலப்பக்கத் தடத்தின் மேல் ‘வெளியே’ என்று ஒரு பலகை. ஒவ்வொன்றுக்கும் நான்கு திருகாணிகள். இரண்டு தடங்களுக்கும் நடுவில் ஒரு கூண்டு, கூண்டுக்குள் ஒரு சார்ஜென்ட், அவருக்குப் பின்னால் சுவர் முழுக்க எண் போட்ட ஆணிகள்.

உள்ளே வருபவருக்கு ஆணியிலிருந்து ஒரு பித்தளை டோக்கன் கிடைக்கும். வெளியே போகிறவர் அதைத் திருப்பித் தர வேண்டும். ஆகவே காலி ஆணிகளை எண்ணினால் உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். நல்ல ஏற்பாடு. இருபது ஆண்டுகளில் ஒரே ஒரு முறைதான் தவறியது. ஒரு மேஜர், வெளியே நின்ற தன் மேலதிகாரிக்கு சல்யூட் அடித்த கையை இறக்காமல், மரியாதைக்காகப் பின்னோக்கி நடந்தே உள்ளே வந்தார். காவலர் அவர் முகம் இருந்த பக்கத்தைப் பார்த்து ‘வெளியே போனார்’ என்று எழுதிவிட்டார். மேஜர் மூன்று வாரம் முகாமில் இல்லாதவராக இருந்தார். அவருக்குச் சாப்பாடு போடவில்லை, சம்பளத்தை நிறுத்தினார்கள், கடைசியில் அவரைத் தேடப்போன குழுவுக்கு அவரையே தலைவராக நியமித்தார்கள். அதன் பிறகு வந்ததுதான் பதினான்காம் ஆணை: ‘உள்ளே’ என்ற பலகையின் கீழ் கடப்பவர் உள்ளே வந்தவர். ‘வெளியே’ என்ற பலகையின் கீழ் கடப்பவர் வெளியே போனவர். முகம், முதுகு, கால் முதலிய வேறு எந்த அடையாளத்தையும் காவலர் கருதக் கூடாது.

விதிவிலக்கு ஒன்றுதான். கருவிப்பெட்டியோடு ஃபிட்டர் கடந்தால் அது கடப்பு ஆகாது, சோதனை.

“டோக்கன் ரெண்டு. ஆளு மூணு,” என்றார் சார்ஜென்ட். முகாமில் அவருக்கு ரூல்தடி என்று பெயர். அவர் கோடு போட்டால் ரூல்தடிதான் வளைய வேண்டும் என்பார்கள்.

“பாப்பா இங்கயே பொறந்தவ சார்,” என்றார் ஃபிட்டர்.

“ரொம்ப சந்தோஷம். எப்போ உள்ள வந்தா?”

“உள்ள வரல சார். பொறந்தா.”

“பொறந்த தேதி உங்களுக்கு. எனக்கு நுழைஞ்ச தேதி வேணும்.”

ஃபிட்டரின் மனைவி முகாம் பள்ளியில் கணக்கு டீச்சர். ஒரு கேள்விக்கு ஒரு விடைதான் இருக்கும் என்று நம்புகிறவர். “சார், போன மாசம் கடைக்குப் போயிட்டு நான் உள்ள வந்தேன்ல? அப்போ இவ வயித்துலதானே இருந்தா? அதுதான் இவ நுழைஞ்ச தேதி. எழுதிக்கோங்க.”

ரூல்தடி பதிவேட்டைப் புரட்டினார். “நபர் ஒண்ணு, பை ரெண்டு. அவ்வளவுதான் எழுதியிருக்கேன்.”

“வயிறு தெரியலையா உங்களுக்கு?”

“தெரிஞ்சுதும்மா. வாழ்த்துகூட சொன்னேன். ஆனா இப்ப நீங்க சொல்றபடி பாத்தா, ஒருத்தர் பதியாம, மறைஞ்சு, இன்னொருத்தரைப் பயன்படுத்தி உள்ள வந்திருக்கார்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “அதுக்கு எங்க புத்தகத்துல ஊடுருவல்னு பேரு. அந்த வார்த்தையை நான் எழுதல. எழுதினா குழந்தையை விசாரிக்கணும். அதனால, பொறந்தான்னே வெச்சுக்கங்க. பொறந்தவங்க நுழைஞ்சவங்க ஆக மாட்டாங்க. நுழையாதவங்க போக முடியாது.”

வேலிக்கு வெளியிலிருந்து ஹாரன் அடித்தது. டீச்சரின் தம்பி, வாடகை வேன் ஓட்டுகிறவன், எட்டு மணியிலிருந்து அங்கே நிற்கிறான். “மாமா! என்ன மாமா ஆச்சு? இங்க ஒருத்தன் வண்டிய எடுங்கறான், இன்னொருத்தன் அசையாதேங்கறான்!”

“இரு மாப்ளே!”

“எங்க இருக்கறது? அதத்தானே மாமா கேக்குறேன்!”

அன்றைக்கு அவர்கள் ரத்தப் பரிசோதனைக்குத்தான் புறப்பட்டிருந்தார்கள். முக்கியமானது வியாழக்கிழமை. குழந்தை பால் குடிக்கத் தொடங்கிய இரண்டாவது நிமிடம் களைத்துப்போகிறாள். நெற்றியில் முத்து முத்தாக வியர்க்கிறது. முகாம் மருத்துவமனையின் டாக்டரம்மா அவள் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துவிட்டு, எடுக்காமல், வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். “இதயத்துல கூடுதலா ஒரு சத்தம் கேக்குது. ஸ்கேன் பண்ணாம ஒண்ணும் சொல்ல முடியாது,” என்று சொல்லி, வெளியே நகரத்தில் இருக்கும் இதய நிபுணரிடம் வியாழன் பத்தரை மணிக்கு நேரம் வாங்கிக் கொடுத்தார். அதை விட்டால் அடுத்த நேரம் பத்து வாரம் கழித்து. “பத்து வாரம் காத்திருக்க வேண்டாம்,” என்று மட்டும் சொன்னார். ஏன் என்று ஃபிட்டர் கேட்கவில்லை. கேட்காததிலிருந்து அவர் கை ஒரு இடத்தில் நிற்கவில்லை. சட்டைப் பையிலிருக்கும் ஸ்க்ரூடிரைவரை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

முகாமில் குழந்தைகளே இல்லையா, அவர்களெல்லாம் எப்படிப் போய்வருகிறார்கள் என்ற கேள்வி எழும். நிறைய இருக்கிறார்கள். ஆனால் எல்லோரும் நகரத்து மருத்துவமனையில் பிறந்து, துணியில் சுற்றி, முறைப்படி ‘உள்ளே’ பலகையின் கீழ் வந்தவர்கள். இவள் பிறந்த அன்று மட்டும் எதிரி வருவதுபோல் ஓர் ஒத்திகை நடந்தது. பதினோரு மணி நேரம் வாசல் பூட்டப்பட்டது. எதிரி வரவில்லை. வலி வந்தது. மதியம் மூன்றே காலுக்கு, முகாம் மருத்துவமனையில், பல் டாக்டரின் நாற்காலியைச் சாய்த்துப் போட்டு, அவள் பிறந்தாள். முகாமின் வரலாற்றில் வேலிக்குள் பிறந்த முதல் மனித உயிர்.

இதை முகாம் எப்படி எடுத்துக்கொண்டது என்பதைச் சொல்வதற்கு முன், அந்த முகாம் ஓர் ஊரும்கூட என்பதைச் சொல்ல வேண்டும். கணக்கெடுப்புத் துறையிலிருந்து நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு கடிதம் வந்தது. ஓரிடத்தில் இரண்டாயிரம் பேருக்கு மேல் படுத்து எழுந்தால் அது ஊர்; ஆகவே தங்கள் முகாம் இன்று முதல் ஊராகவும் கருதப்படும். அவ்வளவுதான் கடிதம். முகாம் எந்த ஆணையையும் பாதியில் விடாது. மறுவாரமே தெருக்களுக்குப் பூக்களின் பெயர் வைத்தார்கள். ரோஜாத் தெரு சுடுதளத்துக்குப் போனது. மல்லிகைத் தெரு வெடிமருந்துக் கிடங்கில் முடிந்தது. பிள்ளைகளுக்குப் பூங்கா வேண்டுமென்று சறுக்குமரமும் ஊஞ்சலும் நிறுவி, விதிப்படி எல்லாவற்றுக்கும் பச்சையும் பழுப்பும் கலந்த மறைப்பு வண்ணம் அடித்தார்கள். பிள்ளைகள் பூங்காவைக் கண்டுபிடிக்க ஆறு நாள் ஆனது. ஊருக்குத் தலைவர் வேண்டும். முகாமின் கமாண்டரே தலைவரானார். ஒருவரே இரண்டு பதவி வகிப்பதில் குழப்பம் வரக் கூடாது என்பதற்காக, தொப்பி அணிந்திருந்தால் கமாண்டர், கழற்றிவிட்டால் தலைவர் என்று அவரே ஓர் ஆணை போட்டார். அதைத் தலைவர் என்ற முறையில் பாராட்டினார்.

திங்கட்கிழமை மதியம் ஃபிட்டரும் டீச்சரும் அவர் அறைக்குப் போனபோது தொப்பி தலையில் இருந்தது.

“பதிவில்லாத ஒரு நபரை வெளியே அனுப்ப முகாமுக்கு அதிகாரம் இல்ல,” என்றார் கமாண்டர். “ஏன்னா, அனுப்பறதுக்கு அவங்க உள்ள இருக்கணும். எங்க பதிவுப்படி அவங்க உள்ள இல்ல.”

“உள்ள இல்லன்னா வெளியதானே சார் இருக்கா? அப்போ விட்டுடலாமே,” என்றார் டீச்சர்.

“வெளிய இருக்கறவங்க ஏன்மா வெளிய போகணும்?”

கமாண்டர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். முகம் உடனே கனிந்தது. “ஊர்த் தலைவரா எனக்கு மனசு கனக்குதும்மா. இந்த மண்ணோட முதல் மகள் அவ. இருங்க, கமாண்டருக்கு நானே ஒரு கடிதம் எழுதறேன்.”

எழுதினார். ஒரு பக்கம் நிறைய எழுதினார். மேசையின் வலது ஓரத்திலிருந்த தட்டில் வைத்தார். தொப்பியை மாட்டிக்கொண்டு, இடது கையால் அதை எடுத்துப் படித்தார். புருவம் சுருங்கியது.

“இந்தத் தலைவருக்கு எப்பவுமே வார்த்தை கொஞ்சம் தடிப்பு,” என்றார். “பரவாயில்ல, பரிசீலிக்கிறேன். பதிநாலு வேலை நாளாகும்.”

“வியாழக்கிழமை பத்தரைக்கு டாக்டரைப் பாக்கணும் சார்,” என்றார் ஃபிட்டர். “பதில நீங்க இப்பவே எழுதிட்டா…”

“எப்படிப்பா? கடிதம் வந்த நிமிஷமே பதில் போனா, எனக்கும் அவருக்கும் நடுவுல ஏதோ இருக்குன்னு நாலு பேர் பேச மாட்டாங்களா?”

கதவருகே போனவர்களைக் கூப்பிட்டு, நல்லெண்ணத்தோடு ஒரு யோசனையும் சொன்னார். குழந்தை போக முடியாவிட்டால் நிபுணர் வரலாமே? அதற்கும் படிவம் இருக்கிறது. மூன்று பக்கம். செவ்வாய்க்கிழமை காலை முழுவதும் ஃபிட்டர் அதை நிரப்பினார். இரண்டாம் பக்கத்தில், ‘சந்திக்க வரும் நபரின் டோக்கன் எண்’ என்ற கட்டத்தில் பேனா நின்றது. கோடு போட்டுக் கொடுத்தார். படிவம் அரை மணியில் திரும்பி வந்தது. மேலே சிவப்பு மையில் எழுதியிருந்தது: ‘இல்லாத நபரைச் சந்திக்க இதய நிபுணர் எதற்கு?’

அன்று மதியம் குழந்தை பாலை ஒரு நிமிடத்தில் விட்டுவிட்டாள்.

“என்னங்க, நேத்து ரெண்டு நிமிஷம். இன்னிக்கு ஒண்ணு,” என்றார் டீச்சர். கணக்கு டீச்சரின் மூளை அடுத்த எண்ணுக்குப் போவதை அவரால் நிறுத்த முடியவில்லை. எழுந்து நடந்தார். சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தார். வீடு சின்னது. ஏழு அடி வைத்தால் திரும்ப வேண்டும்.

ஃபிட்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு சரக்கு வாசலுக்குப் போனார். அங்கே பொருட்கள் போகும், ஆட்கள் போக முடியாது. சரக்கு குமாஸ்தா கேட்டதெல்லாம் எடை எவ்வளவு, உடையுமா என்பதுதான். மூன்று கிலோ, உடையும் என்றார் ஃபிட்டர். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது குமாஸ்தா, “உயிர் இருக்கா?” என்று கேட்டார்.

“இருக்கு.”

“அட, மொதல்லயே சொல்லக் கூடாதா? உயிருள்ளது எல்லாம் நாய்ப் பிரிவு.”

நாய்ப் பிரிவு அதிகாரி தங்கமான மனிதர். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. “இது ரொம்ப சுலபம் தம்பி. வேலிக்குள்ள பொறந்த குட்டிக்கு எங்ககிட்ட தெளிவா விதி இருக்கு. பொறந்த அன்னிக்கே நம்பர், மறுநாளே நடமாட்ட அனுமதி. போன மாசம் மட்டும் ஒம்பது குட்டி வெளிய போயிட்டு வந்துச்சு, கண்ணுல மருந்து போட.”

“எங்க பாப்பாவுக்கும் குடுப்பீங்களா சார்?”

“ஏன் குடுக்க மாட்டேன்? விதியில ‘குட்டி’ன்னுதான் இருக்கு. நாய்க்குட்டின்னு எங்கயும் இல்ல. வீட்ல என்ன சொல்லிக் கூப்பிடறீங்க?”

“குட்டின்னுதான் சார்.”

“பாருங்க!” அவர் படிவத்தை எடுத்தே விட்டார். பாலினம், எடை, மூக்கின் ஈரம் வரை நிரப்பினார். பிறகு பின்பக்கத்தைத் திருப்பி ஒருமுறை வாசித்துவிட்டு, ஃபிட்டரின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “ஒரே ஒரு சங்கடம். ஆறாவது மாசம் வெடிகுண்டு மோப்பம் பிடிக்கற பரீட்சை இருக்கு. தேறலைன்னா பொது ஏலத்துல விட்டுடணும். அத மாத்த எனக்கு அதிகாரமில்ல.”

ஃபிட்டர் படிவத்தை மெதுவாக அவரிடமிருந்து வாங்கி, நான்காக மடித்து, சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“ஏலத்துல நீங்களே எடுத்துக்கலாம்,” என்று அதிகாரி பின்னாலிருந்து சொன்னார். “ஊழியர்களுக்கு முன்னுரிமை உண்டு.”

புதன்கிழமை விழா. மண்ணின் முதல் மகள் பிறந்ததால் ஊரின் மக்கள்தொகை ஒன்று கூடியிருந்தது. அதை அறிவிக்கும் பலகையைத் திறந்துவைக்க ஏற்பாடு. பலகையை மாட்டும் வேலை ஃபிட்டருக்கு. பழைய பலகையில் ‘மக்கள்தொகை 2416’ என்று இருந்தது. புதியதில் 2417. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஓர் ஊரின் மக்கள்தொகை எல்லோருக்கும் தெரிய வேண்டியது. ஒரு முகாமின் ஆள்கணக்கு யாருக்கும் தெரியக் கூடாதது. இரண்டும் ஒரே எண். ஆகவே விழாவில் துணியை விலக்குவார்கள், கைதட்டி முடித்ததும் துணியை மறுபடி போட்டு மூடிவிடுவார்கள்.

டீச்சர் குழந்தையோடு முதல் வரிசையில் உட்கார வைக்கப்பட்டார். கமாண்டர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தலைவராகப் பேசினார்.

“இந்த ஊரின் பெருமை என்ன? இங்கே வந்தவர் யாரும் போக விரும்பியதில்லை. விரும்பியவர்கள் விண்ணப்பித்ததில்லை. விண்ணப்பித்தவர்கள்…” அவர் தாளைத் திருப்பினார். அடுத்த தாள் வேறெங்கோ தொடங்கியது. “இந்தக் குழந்தை நமது! இவளுக்கு நாம் என்ன கொடுத்தோம் என்று சிலர் கேட்கிறார்கள். ஓர் எண் கொடுத்தோம். இரண்டாயிரத்து நானூற்றுப் பதினேழு!”

கைதட்டல். தொப்பியை மாட்டிக்கொண்டார். குரல் கெட்டிப்பட்டது.

“எதிரி நம் வேலியைத் தாண்டி உள்ளே வர முடியாது என்று முப்பது ஆண்டுகளாக நிரூபித்துவருகிறோம். வெளியே போவதும் அப்படியே என்பதை இந்த வாரம்தான், இந்தச் சின்னஞ்சிறு குடிமகளின் உதவியோடு நிரூபிக்க முடிந்தது. பாதுகாப்பு என்பது இரு பக்கமும் வேலை செய்ய வேண்டும். அதற்காக அவளுக்கு நன்றி.”

முகாம் கைதட்டியது. குழந்தை அழத் தொடங்கி, களைத்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள். டீச்சர் அழவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டு, மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார்; தன்னுடையதை அல்ல.

ஏணியின் மேல் நின்ற ஃபிட்டர் துணியை மறுபடி இழுத்து மூடினார். பக்கத்தில் கழற்றி வைத்த பழைய பலகை இருந்தது. காலையில் இந்தப் பலகை இருந்தபோது ஊரில் 2416 பேர். நான்கு திருகாணி முடுக்கியபின் 2417 பேர். நடுவில் யாரும் வரவில்லை, யாரும் பிறக்கவில்லை. அவள் பிறந்து பதிமூன்று நாளாகிறது. பலகை மாறியதும் ஊர் மாறிவிட்டது. ஃபிட்டர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தார். பிறகு தூரத்தில் தெரிந்த வாசலைப் பார்த்தார். அந்த வாரத்தில் முதல் முறையாக அவர் கை அசையாமல் இருந்தது.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு டீச்சர் தன் டோக்கனைக் கொடுத்துவிட்டு, ‘வெளியே’ பலகையின் கீழ் வெளியே போய், தம்பியின் வேனுக்குப் பக்கத்தில் நின்றார். கையில் பால் புட்டி மட்டும் இருந்தது. ஃபிட்டர் ஒரு கையில் கருவிப்பெட்டி, ஒரு கையில் குழந்தை, தோளில் ஏணியோடு கூண்டுக்கு வந்தார்.

“பலகை பராமரிப்பு சார். மாசம் ஒரு தடவை கழட்டித் தொடைக்கணும்.”

“தெரியும். இது என்ன?”

“பதிவில்லாத நபர் சார். ஏணியில ஏறணும், கொஞ்சம் பிடிங்க.”

ரூல்தடி பின்வாங்கினார். “நான் எதுக்குய்யா பிடிக்கணும்?”

“ஆறாம் ஆணை சார். பதிவில்லாத நபரைக் கண்டால் காவலர் பிடித்துவைத்திருக்க வேண்டும்.”

ஆறாம் ஆணை அப்படித்தான் சொல்கிறது. ரூல்தடி இரண்டு கைகளையும் நீட்டினார். பிடித்துவைத்துக்கொண்டார். எட்டுத் திருகாணி கழற்றி எட்டுத் திருகாணி முடுக்கும் நேரம், பதினொரு நிமிடம், அவர் துப்பாக்கி சுவரில் சாய்ந்து நின்றது. முதலில் ஒரு ஃபைலைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தார். நான்காவது நிமிடத்தில் குழந்தை அவர் சட்டையின் வெள்ளிப் பொத்தானைப் பற்றிக்கொண்டாள். அதன் பிறகு அவர் மூச்சுகூட மெதுவாக விட்டார்.

“வேர்க்குதேய்யா இவளுக்கு. நிழல்லதானே நிக்கிறேன்?”

“அதுக்குத்தான் சார் போகணும்.”

ஃபிட்டர் இறங்கினார். வலப்பக்கத் தடத்தின் மேல் இப்போது ‘உள்ளே’ என்று இருந்தது. இடப்பக்கத் தடத்தின் மேல் ‘வெளியே’. ரூல்தடி அண்ணாந்து பார்த்தார். இரண்டு பக்கமும் வரிசை நீண்டுகொண்டிருந்தது. ஒரு சமையல்காரர், “என்னங்க, போறதா வர்றதா?” என்று கத்தினார்.

“மாத்தி மாட்டியிருக்கே,” என்றார் ரூல்தடி, மெல்ல.

“சரியா மாட்டினேனா பாக்கணும் சார். அதுக்குச் சோதனை போடணும். நான் பெட்டியோட கடந்தா அது கடப்பு இல்ல. ஆனா பாப்பா ஃபிட்டர் இல்ல சார். அவ ‘உள்ளே’ பலகைக்குக் கீழ வர்றா. பதிநாலாம் ஆணைப்படி என்ன எழுதணுமோ எழுதுங்க.”

கூண்டின் சுவரில் பதினான்காம் ஆணை சட்டம் போட்டு மாட்டியிருந்தது. ரூல்தடி அதை வரி வரியாக விரல் வைத்துப் படித்தார். முகம், முதுகு, கால். கடைசி வரியில் விரல் நின்றது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, குழந்தையை இடது கையில் மாற்றிக்கொண்டு, பதிவேட்டைத் திறந்தார்.

“பேரு?”

“இன்னும் வைக்கல சார். குட்டின்னு போடுங்க.”

“எங்கேருந்து வர்றாங்க?”

“வீட்லேருந்து.”

“வந்த காரியம்?”

“இதயம் பாக்க.”

“எத்தனை நாள் தங்கல்?”

“சாயங்காலம் வரைக்கும்தான் சார்.”

2417 என்ற எண்ணுள்ள புத்தம்புதுப் பித்தளை டோக்கனை ரூல்தடி சட்டைக் கையில் ஒருமுறை தேய்த்து, குழந்தையின் போர்வை மடிப்பில் செருகினார். “உள்ளே வந்தாச்சு. போங்க, போங்க, நேரமாச்சு.”

ஃபிட்டர் குழந்தையை வாங்கிக்கொண்டு, கருவிப்பெட்டியோடு வலப்பக்கத் தடத்தின் சுழல்கதவைத் தள்ளினார். பல்சக்கரம் டக் டக் டக்கென்று ஒத்துழைத்தது. குழந்தையை டீச்சரின் கையில் கொடுத்துவிட்டு, மறுதடம் வழியாகச் சோதனையாகவே உள்ளே ஓடி, பலகைகளைப் பழையபடி மாட்டி, பெட்டியைக் கூண்டில் வைத்து, தன் டோக்கனைக் கொடுத்து, முறைப்படி ‘வெளியே’ போனார். வேன் கிளம்பும்போது எட்டு முப்பத்தைந்து.

“மாமா, கேட்டா தப்பா நெனைக்காதீங்க,” என்றான் மைத்துனன் கியர் மாற்றிக்கொண்டே. “இப்ப பாப்பா எங்க இருக்கா?”

“உள்ள,” என்றார் ஃபிட்டர்.

“நல்லாருக்கு! அப்ப நான் யாரக் கூட்டிட்டுப் போறேன்?”

“நீ ரோட்டப் பாத்து ஓட்டுடா,” என்றார் டீச்சர். நான்கு நாளில் முதல் தடவையாக அவர் சிரித்தார்.

நிபுணர் ஸ்கேன் திரையைத் திருப்பிக் காட்டினார். ஃபிட்டருக்கு அது உடனே புரிந்தது. நான்கு அறைகள், நடுவில் கதவுகள், எல்லாக் கதவும் ஒரு பக்கம் மட்டும் திறக்கின்றன. “கதவெல்லாம் நல்லாருக்கு,” என்றார் நிபுணர். “நடுச்சுவர்ல ஒரு சின்ன ஓட்டை. அதனால ரத்தம் கொஞ்சம் போகக் கூடாத பக்கம் போயிடுது. பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள்ள தானா மூடிடும். மருந்து தரேன், பால் நல்லா குடிப்பா. ஆனா மூடுதான்னு நான் பாத்துக்கிட்டே இருக்கணும். மாசம் ஒரு தடவை தவறாம கொண்டு வாங்க. வர முடியும்ல?”

டீச்சர் ஃபிட்டரைப் பார்த்தார். “வருவோம் சார்,” என்றார் ஃபிட்டர்.

சாயங்காலம் திரும்பியபோது இதையே தலைகீழாகச் செய்தார்கள். ஃபிட்டர் முதலில் தனியாக உள்ளே போய், பெட்டியை எடுத்து, பலகைகளை மாற்றினார். வெளியே வந்து குழந்தையை வாங்கிக்கொண்டு ‘வெளியே’ பலகையின் கீழ் உள்ளே நுழைந்தார். குழந்தை டோக்கனைத் திருப்பிக் கொடுத்தாள். ரூல்தடி ‘வெளியே போனார்’ என்று எழுதி, அவளுக்கு வாழ்த்தும் சொன்னார்.

மறுநாள் கமாண்டர் அலுவலகத்திலிருந்து ஃபிட்டருக்கு ஒரு குறிப்பு வந்தது. பிரித்துப் படித்தார். தினசரி அறிக்கையில் ‘வேலிக்குள் பதிவில்லாமல் இருக்கும் நபர்கள்’ என்று ஒரு கட்டம் உண்டு. இரண்டு வாரமாக அதில் ‘ஒன்று’ என்று இருந்து, கமாண்டரின் தூக்கத்தைக் கெடுத்துவந்தது. வியாழக்கிழமை நண்பகல் அறிக்கையில் அது பூஜ்யம். உண்மையும் அதுதான். குறிப்பில் இப்படி இருந்தது: ‘வியாழனன்று வாசல் பராமரிப்பு மிகவும் திருப்திகரம். இதுபோன்ற பராமரிப்பை அடிக்கடி செய்ய ஆவன செய்க.’ கீழே இன்னொரு வரி, வேறு மையில்: ‘ஊர்த் தலைவர் என்ற முறையில் நானும் வழிமொழிகிறேன்.’

ஆனால் ஃபிட்டருக்கு இன்னும் நிம்மதி இல்லை. ஒரு போய்வரவுக்குப் பலகைகளை நான்கு முறை மாற்ற வேண்டும். நான்கு முறைக்கு முப்பத்திரண்டு திருகாணி கழற்றி முப்பத்திரண்டு முடுக்க வேண்டும். மூன்றாவது மாதத்தில் பலகை மாட்டும் மரத்தின் துளைகள் தளர்ந்துவிடும். தளர்ந்த துளையில் எந்தத் திருகாணியும் நிற்காது. அதோடு, களைப்பாக இருக்கும் குழந்தையைப் பதினொரு நிமிடம் வாசலில் காக்க வைக்க முடியாது. வெள்ளி, சனி இரண்டு நாளும் பட்டறையில் எதையோ அறுத்துக்கொண்டிருந்தார்.

அவர் செய்தது இதுதான். இரண்டு பலகைகளுக்குப் பதில், இரண்டு தடங்களையும் மூடும் ஒரே நீளப் பலகை. அதன் வெளிமுகத்தில், பார்ப்பவருக்கு இடப்பக்கம் ‘உள்ளே’, வலப்பக்கம் ‘வெளியே’. உள்முகத்தில், பார்ப்பவருக்கு இடப்பக்கம் ‘வெளியே’, வலப்பக்கம் ‘உள்ளே’. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் சரியாகவே இருக்கும். இந்தப் பலகையை முன்பின்னாக அரைச் சுற்று திருப்பினால், எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் மாறியிருக்கும். பலகையின் நடுவில் செங்குத்தாக ஒரு இரும்புத் தண்டு, பழைய சுழல்கதவிலிருந்து எடுத்த பேரிங்கில் நிற்கிறது. தண்டை ஓர் ஊசி பூட்டியிருக்கிறது. ஊசியிலிருந்து ஒரு கம்பி கூண்டுக்குள், ரூல்தடியின் கைக்கு எட்டும் உயரத்தில் இறங்குகிறது. கம்பியை இழுத்து, பலகையைத் திருப்பி, கம்பியை விட வேண்டும். நான்கு விநாடி ஆகிறது. மாதம் ஒரு முறை ஃபிட்டர் குழந்தையோடு வந்து நிற்கும்போது, ரூல்தடி கேட்காமலே கம்பியை இழுக்கிறார்.